பவர் இல்லாத கண்ணாடி

சென்ற ஆடி மாதம் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடைக்கு இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தேன். சாமக்கொடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் காப்பி குடிக்க எழுந்துவிட்ட இடைவெளியில், பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுபேதார் தாத்தா கையைக் காட்டி என்னை அழைத்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். யாரைப் பற்றியும் புறம் பேசாதவர் என்று பெயரெடுத்தவர். விமானி வேலை எப்படிப் போகிறது, சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் விசாரித்தவர், "அந்தக் கண்ணாடியக் கழத்து, பாப்போம்" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். குழல் விளக்கின் பக்கமாக அதைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அருகே கொண்டுவந்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். விளக்கு பெரிதாகவும் தெரியவில்லை, சிறிதாகவும் தெரியவில்லை. துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணு கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்டே. பட்டாளத்துல தேற மாட்டான்னு திருப்பி அனுப்புன ஒருத்தன் கையில எழுவத்தெட்டுப் பேரு உசுரக் குடுக்கலாமா? உன்னையக் கொற சொல்லல. சும்மா கேக்கேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. இதே கேள்வியை நானே என்னிடம் பல இரவுகளில் கேட்டிருக்கிறேன். ஊர்க்காரர் ஒருவர் வாயிலிருந்து கேட்டது மட்டும் அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நையாண்டி மேளம் தொடங்கிவிட்டது. அவரும் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று சொல்லாமல் விட்ட பதில் இன்றுவரை வாயிலேயே கிடக்கிறது; எழுதினாலாவது ஓர் ஒழுங்குக்கு வருமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கயத்தாற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. 1986க்குப் பிறகு மாவட்டம் தூத்துக்குடி என்று ஆகிவிட்டாலும், ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் நாங்கள் போவது திருநெல்வேலிக்குத்தான். கேட்டால் திருநெல்வேலிக்காரன் என்றுதான் சொல்வோம். கயத்தாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் நினைவுக்கு வரும். எனக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பழைய விமான ஓடுதளம் நினைவுக்கு வரும். தாத்தா அதை ஏரோட்ரம் என்றுதான் சொல்வார். விமானம் வராத ஓடுதளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விமான ஆசை வந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதும் இல்லை. பொறியியல் படிப்பு, விமானப்படை அதிகாரிகளை எடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வு, மைசூரில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, வாழ்நாளில் ஒரே முறை மட்டுமே எழுத அனுமதிக்கும் விமானித் திறன் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கடந்து 2016 ஜனவரியில் ஐதராபாத்துக்கு அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியில் சேர்ந்தேன். அந்த நவம்பரில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து மணி நேரம்

முதல் ஆறு மாதம் அணிவகுப்பு, உடற்பயிற்சி, வகுப்பறை. அதன் பிறகுதான் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2. சுவிட்சர்லாந்தில் செய்த ஒற்றை டர்போபிராப் எஞ்சின் விமானம். 2013இலிருந்து இந்திய விமானப்படையின் தொடக்கப் பயிற்சி அதில்தான். இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். மாணவன் முன்னால், பயிற்றுநர் பின்னால். அதனால் பறக்கும்போது என் பயிற்றுநரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர் வாடையும், காதுக்குள் அவர் மூச்சு வாங்கும் ஓசையும்தான் அவர். நான் தவறு செய்யப் போகிறேன் என்பது அந்த மூச்சு நின்றுபோவதில் தெரியும்.

விமானத்தை மேலே கொண்டுபோவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. ஸ்டால், ஸ்பின் என்று கவிழ்த்துப் புரட்டி மீட்கிற பாடங்களில் நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். தரையிறக்கம்தான் வரவில்லை. ஓடுதளத்தை நெருங்கிக் கடைசிச் சில அடி உயரத்தில், இறங்குகிற விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்து, வேகம் வடிந்து அதுவாகச் சக்கரத்தில் உட்காரும்படி விட வேண்டும். முந்தி இழுத்தால் விமானம் மறுபடி மேலே மிதக்கும். பிந்தி இழுத்தால் தரையில் மோதித் துள்ளும். அந்த நொடியில் கண் ஓடுதளத்தின் கோடியைப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தரையைப் பார்த்தால், தரை நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோலத் தோன்றி, கை பயந்து இழுத்துவிடும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். மேலே போனால், கண் தானாக முன்சக்கரத்துக்குப் பக்கத்துத் தரைக்கு வந்துவிடும். தவறு என்று தெரியும். தெரிந்தது கைக்கு வந்து சேர்வதற்குள் விமானம் நாற்பது மீட்டர் தாண்டிப் போயிருக்கும். பயிற்றுநர்கள் இதற்கு ஒரு பேச்சு வைத்திருப்பார்கள்: பையன் விமானத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறான் என்பார்கள்.

உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியே பறந்துவிட்டு வந்தார்கள். எனக்குக் கூடுதலாகச் சில பயிற்சிப் பறப்புகள் கொடுத்தார்கள். அவையும் தீர்ந்து, மூத்த பயிற்றுநர் ஒருவருடன் இறுதிச் சோதனை வந்தது. நவம்பர் நடுவில் ஒரு காலை. தக்காணத்துப் பாறைகளின்மேல் பனிமூட்டம் கலைந்து, காற்று ஏறக்குறைய இல்லை என்று சொல்லும்படி இருந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்துப் பழகியவனுக்கு, காற்றின்மேல் பழிபோடக்கூட வாய்ப்பில்லாத காலை. மூன்று தரையிறக்கங்கள் கேட்டார். முதலாவது, என் வாழ்க்கையிலேயே அதுவரை செய்ததில் சிறந்தது. சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அந்த மகிழ்ச்சிதான் என்னைக் கெடுத்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. இரண்டாவதில் மிதந்தேன். பின்னாலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மூன்றாவதில் கண் மறுபடி பக்கத்துத் தரைக்கு வந்தது. வந்ததை நானே பார்த்தேன். அதைத் தூக்கிக் கோடிக்குக் கொண்டுபோகும்போது சக்கரம் தரையில் அறைந்து, விமானம் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. "ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்" என்றார். ஸ்டிக் என் கைக்குள்ளேயே அவர் கைக்குப் போயிற்று. அவர் எவ்வளவு மென்மையாக அதை இறக்கினார் என்பதை மடியில் கைவைத்துக்கொண்டு கவனித்தேன். கற்றுக்கொள்ளும் ஆசை அப்போதும் போகவில்லை.

எஞ்சினை அணைத்து இறங்கிய பிறகு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார். "இன்னும் பத்து மணி நேரம் கொடுத்தால் நீ இறக்கிவிடுவாய், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அந்தப் பத்து மணி நேரம் என்னிடம் இல்லை" என்றார். பிறகு, காலை உணவு சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலில் போய்ச் சாப்பிடு என்றார். மற்றதெல்லாம் காகிதத்தில் நடந்தது.

அந்தப் பத்து மணி நேரம் ஏன் இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. பிலாட்டஸ் முதல் படி மட்டுமே. அப்போது அதற்கு மேலே கிரண் ஜெட், அதற்கும் மேலே கர்நாடகத்துப் பீதரில் ஹாக் என்ற பயிற்சி ஜெட், பிறகு போர் விமானம். ஒவ்வொரு படியிலும் வேகம் கூடும், யோசிக்கிற நேரம் சுருங்கும். கீழ்ப்படியில் பத்து மணி நேரம் பிந்துகிறவன் மேல்படியில் எவ்வளவு பிந்துவான் என்று அவர்கள் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். கிரணில் பழகிய இளைஞர்கள் நேராக மிக்-21இல் ஏறிய காலம் ஒன்று இருந்தது. நடுவில் ஓர் உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்ற பரிந்துரை 1980களிலேயே வந்தும், ஹாக் பீதருக்கு வந்து சேர 2008 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளின் விபத்துச் செய்திகளைப் படித்தவர்களுக்கு, ஒரு பயிற்றுநர் ஏன் தாராளமாக இருக்க முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அகாடமியில் இதற்குச் சொல் "சஸ்பென்ஷன்". பறப்பதிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். மறுபடி விண்ணப்பிக்கவும் வழியில்லை. ஆனால் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். அவர் அகராதியில் சஸ்பெண்ட் என்பது விசாரணை முடிகிற வரைக்கும்தான். ஒருமுறை அவரையே நாற்பத்தைந்து நாள் நிறுத்திவைத்து மறுபடி வண்டி கொடுத்திருக்கிறார்கள். நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், "சரி, எத்தன நாளுக்கு?" என்றார். எப்போதைக்கும் என்பதை அவருக்கு விளங்கவைக்க நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அது ரூபாய் நோட்டுச் செல்லாது என்று அறிவித்த அடுத்த வாரம். அப்பா வங்கி வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள். மூன்றாவது முறை சொன்னபோது அவர் பேசவில்லை. பக்கத்தில் யாரோ, "என்ன அண்ணாச்சி, மவனா? என்னவாம்?" என்று கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், "கண்ணுல ஏதோ கோளாறாம், டாக்டர் வேண்டாம்னுட்டாராம்" என்றார்.

எங்கள் வீட்டுப் பொய் இப்படித்தான் பிறந்தது. யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் வரிசையில் நின்ற நாற்பது பேர் வழியாக அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்ட பிறகு, அதைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை. நான் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அம்மா, "கண்ணுன்னு சொல்லிட்டுக் கண்ணாடி போடாம அலைஞ்சா என்ன நெனப்பாவ?" என்றாள். பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு, பவர் இல்லாத வெறும் கண்ணாடி வாங்கினோம். கடைக்காரர் என் கண்ணைப் பரிசோதித்து, ஆறுக்கு ஆறு இருக்கிறதே என்று வருத்தப்பட்டார்.

ஆறு ஏக்கர்

அந்த மாதங்களில் பார்த்தவர்கள் எல்லோரும் அப்துல் கலாமைக் கொண்டுவந்தார்கள். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்கு வந்த இருபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கே இடம், கலாம் ஒன்பதாவது. அவர் விமானியாகாததால்தான் நாட்டுக்கு ராக்கெட் கிடைத்தது என்று தபால்காரரில் இருந்து தலைமையாசிரியர் வரை சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் கலாம் வாசலில் நிறுத்தப்பட்டவர். நான் உள்ளே போய், சாப்பிட்டு, கைகழுவும்போது வெளியே அனுப்பப்பட்டவன். தவிர, அவருக்குக் கடைசிவரை அந்த ஆசை போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006 ஜூன் 8 அன்று, எழுபத்து நான்கு வயதில், புனேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார். எதையும் மறந்துவிட்டவர் செய்கிற காரியமா அது? எனக்கு ராக்கெட்டும் வேண்டாம், பதவியும் வேண்டாம். மூன்றாவது தரையிறக்கத்தை ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் போதும் என்றிருந்தது.

பயணிகள் விமானப் பக்கம் போகலாம் என்று முதலில் சொன்னவர் அப்பாதான். "நானே ரிவர்ஸ்ல ரெண்டு தடவ தப்பு விட்டுத்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன்" என்றார். கணக்குப் பார்த்தோம். வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும். அதில் நூறு மணி நேரம் விமானத்தின் பொறுப்பை நாமே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். ஒரு பயணம் முந்நூறு கடல் மைலுக்குக் குறையக் கூடாது. வழிகாணல், வானிலை, விதிமுறைகள், விமானத் தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வு ஒவ்வொன்றிலும் எழுபது விழுக்காடு. வானொலி உரிமத் தேர்வு அப்போது தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்தது. அதைப் பற்றிப் பேசினாலே மாணவர்கள் பெருமூச்சு விடுவார்கள். நாங்கள் விசாரித்த பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172க்கு ஒரு மணி நேரக் கட்டணம் பதினோராயிரம் ரூபாய். தங்குமிடம், கட்டணங்கள், தேர்வுகள் எல்லாம் சேர்த்து முப்பது லட்சத்தைத் தாண்டியது.

எங்களுக்கு ஆறு ஏக்கர் கரிசல் இருந்தது. மழை பெய்தால் உளுந்தும் சோளமும், பெய்யாவிட்டால் வேலிக்கருவையும் விளையும் மானாவாரி நிலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற மேல்காற்று நேராக அந்த நிலத்தின்மீதுதான் விழும். அதற்காகத்தான் கயத்தாற்றைச் சுற்றி இத்தனை காற்றாலைகள். காற்றாலை நிறுவனம் ஒன்றுக்காக நிலம் வாங்கிக்கொண்டிருந்த தரகர், ஏக்கருக்கு நாலரை லட்சம் சொன்னார். அப்பா ஒரு ராத்திரி மட்டும் யோசித்தார். மிச்சத்துக்கு வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது.

மத்திய இந்தியாவில் ஒரு சின்ன ஊரில் பயிற்சி. அகாடமியில் பறந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் பூச்சியத்திலிருந்து தொடங்கினேன். அங்கே உதிரிபாகத்துக்காக விமானம் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற கதைகளை எழுதினால் அது தனிப் புலம்பலாகிவிடும். எழுத வேண்டியது ஒன்றுதான். இருபத்து நான்காவது மணி நேரத்தில் என்னைத் தனியே பறக்க விட்டார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, கண் ஓடுதளத்தின் கோடியில் நின்றது. ஏன் அன்று நின்றது, அதற்கு முன்பெல்லாம் ஏன் நிற்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விமானத்தை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, வழக்கப்படி என் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். அந்தத் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே மனம் கணக்குப் போட்டது: துண்டிகலில் எனக்குக் குறைந்த மணி நேரங்கள் பத்து. மணிக்குப் பதினோராயிரம் வீதம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.

இந்த இடத்தில்தான் என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகாடமியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். எனக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்தப்பட்டவன். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக்காரன். அங்கிருந்து ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்ட மேற்கே போவார்கள்; அவன் பெற்றோரும் அப்படிப் போகிறவர்கள். நவோதயா பள்ளியில் தங்கிப் படித்து மேலே வந்தவன். தரையிறக்கத்தில் என்னைவிட அவன் சற்று மேல் என்றே சொல்வேன். அவனுக்குத் தகராறு வேறொரு பாடத்தில். அவனையும் பயணிகள் விமானப் பக்கம் வரச் சொன்னேன். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். ஈடாக வைக்க எங்கள் அரிவாள்தான் இருக்கிறது என்று சிரித்தான். இப்போது போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் கணக்குப் பாடம் நடத்துகிறான். நல்ல வாத்தியார் என்று கேள்வி.

துண்டிகலில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவு மணி நேரம்தான் கிடைத்தது. ஒரு ரூபாய் கட்டவில்லை. அப்பா யார் என்று யாரும் கேட்கவில்லை. தேறாதவனை வெளியே அனுப்பினார்கள் என்றால், இருவரையும் ஒரே மாதிரி அனுப்பினார்கள். வெளியே வந்த பிறகுதான் நாங்கள் வேறு வேறு ஆட்கள் ஆனோம். விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று கல்லூரி விழாக்களில் என்னைப் பேச அழைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருப்பது இதனால்தான். அவனிடம் விடாமுயற்சிக்கு என்ன குறை? எனக்கு ஆறு ஏக்கர் இருந்தது.

இரண்டு இருக்கை

உரிமம் 2019 தொடக்கத்தில் கைக்கு வந்தது. அந்த ஏப்ரலில் நாட்டின் பெரிய விமான நிறுவனம் ஒன்று பறப்பதை நிறுத்த, ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். அடுத்த மார்ச்சில் கொரோனா. கோவில்பட்டியில் மாமா நடத்திய கடலைமிட்டாய்க் கடையில் கணக்கு எழுதினேன், பார்சலும் கட்டினேன். வணிக விமானி உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று மாமா கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

2022இல் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். விண்ணப்பப் படிவத்தில், இதற்கு முன் எந்த விமானப் பயிற்சியிலிருந்தாவது நீக்கப்பட்டது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். ஊருக்குத்தான் கண்ணாடி, அங்கே உண்மையைத்தான் எழுதினேன். முதல் நிறுவனத்திடமிருந்து பதிலே வரவில்லை. இரண்டாவது இடத்தில், குழுவில் நடுவில் இருந்த தலை நரைத்த கேப்டன் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். படிவத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, "உன் பயிற்றுநர் செய்தது சரியா?" என்று கேட்டார். "சரிதான் சார்" என்றேன். "அப்படியென்றால் நாங்கள் மட்டும் உன்னை ஏன் எடுக்க வேண்டும்?" சுபேதார் தாத்தா கேட்ட அதே கேள்வி, மூன்று ஆண்டுக்கு முன்பே, ஆங்கிலத்தில். எனக்குப் பதில் வரவில்லை. பறந்த நேரங்கள் எழுதிய பதிவேட்டை மேசைமேல் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான் முடிந்தது. அவர் அதைத் திறக்காமல், சொந்த ஊர் எது என்றார். சொன்னேன். ஜூலை மாதம் அங்கே ஏன் அவ்வளவு காற்று என்றார். கணவாயில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடுவது, மதியத்துக்குப் பிறகு வெப்பம் ஏறி அது கொந்தளிப்பது, மலையின் மறைவில் அது சுழல்வது என்று ஐந்து நிமிடம் பேசினேன். சிறு வயதிலிருந்து முகத்தில் அறைந்த காற்று. அதைப் பற்றிப் பேச நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சிமுலேட்டர் சோதனை அடுத்த வாரம் நடந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எழுபத்தெட்டுப் பேர் ஏறும் ஏடிஆர் 72 பயணிகள் விமானத்தில் துணை விமானி. மாதத்தில் சில நாள் வாகைக்குளத்துக்கும் வருவேன். தூத்துக்குடி விமான நிலையம் என்று சொன்னாலும் திருநெல்வேலிக்காரர்களுக்கு இறங்கும் இடம் அதுதானே. வெகுகாலம் அங்கே ஓடுதளம் 1,350 மீட்டர்தான். ஆடிக் காற்றில் அங்கே கேப்டன்தான் இறக்குவார். நான் வேகத்தையும் காற்றையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஏதாவது எல்லை தாண்டினால் உரக்கச் சொல்வேன். சொன்னால் அவர் மறுபேச்சில்லாமல் மறுபடி மேலே தூக்க வேண்டும் என்பது விதி. துண்டிகலில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தவர் என்னை எடைபோட வந்தவர். இங்கே பக்கத்தில் இருப்பவர் என்னையும் பார்க்கிறார், நானும் அவரைப் பார்க்கிறேன். போர் விமானி தனியாளாக, கணப்பொழுதில், இதற்கு முன் யாரும் பார்க்காத நிலைமையைச் சமாளிக்க வேண்டியவன். எங்கள் வேலையில், ஏற்கெனவே எழுதிவைத்ததை ஆயிரமாவது முறையும் முதல் முறை செய்த அதே வரிசையில் செய்ய வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்து காட்ட ஆசைப்படுகிறவன் இங்கே ஆபத்தானவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்து, ஓடுதளத்தைவிட்டு எழும்பும் நேரத்தில் ஒரு எஞ்சினை அணைத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால், மறுபடி பயின்று தேறும் வரை பயணிகளோடு பறக்க முடியாது.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இது தப்பித்துக்கொள்கிற பதில் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. என்னிடம் அன்று கண்ட தாமதம் இன்று முழுக்கப் போய்விட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது இருக்கும் என்று வைத்துக்கொண்டே நான் வேலை செய்கிறேன். மறுநாள் இறங்கப் போகும் ஊரின் ஓடுதளத்தை முந்தின இரவே ஒரு தாளில் வரைந்து, காற்று எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டுக்கொள்கிறேன். உடன் பறப்பவர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. கையில் வேகம் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. ஆகவே தாத்தா கேட்டதற்கு என் பதில்: கொடுக்கலாம்; ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் திருப்பி அனுப்பியது தவறு என்று சொல்லி நான் இந்த இருக்கைக்கு உரிமை கேட்கவில்லை. அன்று இல்லாத பத்து மணி நேரமும், அதற்குமேல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அதற்கான விலையை அப்பா கொடுத்தார். பீட் மாவட்டத்துக்காரனுக்கு இந்தப் பதிலில் இடம் எங்கே என்றால், அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கொடை முடிந்த மறுநாள் காலை சென்னைக்குப் புறப்பட்டேன். வழியில் சித்தி வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போக வேண்டும் என்றாள் அம்மா. சித்தியின் மாமியார் என் கண்ணுக்காகச் சங்கரன்கோவிலில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்து, சாத்தியும் விட்டவர். உரிமம் கிடைத்தபோது, விமானப்படைக்குத்தான் கண்ணாடி ஆகாது, பயணிகள் விமானத்துக்குக் கண்ணாடியோடு போகலாம் என்று அப்பா எங்கோ கேட்டுவந்து சொன்ன நியாயத்தை ஊரில் முதலில் நம்பியவரும் அவர்தான். அது உண்மையும்கூட. அம்மா தொலைக்காட்சிக்குக் கீழேயிருந்து கூட்டை எடுத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, "அந்த வீட்டுக்கு மட்டும் போட்டுக்கோடே, பாவம் அவிய" என்று கையில் வைத்தாள். மாட்டிக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் சுபேதார் தாத்தா பால் பாத்திரத்தோடு எதிரே வந்தார். நின்று, என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"என்னடே, பவர் கூடியிருக்கா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.